ஒரே முகவரி, ஒரே ஆள்

பெண்கள் கடவுச்சொல்லை மறந்துபோகிறார்கள் என்பதுதான் சென்ற வாரம்வரை றுஷ்னாவின் பெரிய கவலை. இந்த வாரம் அந்தக் கவலை தீர்ந்தது. தீர்ந்த கையோடு வீட்டுக்குள் இடி விழுந்தது.

நடுவில் வந்து சேர்ந்துகொண்டவர்களுக்காக ஒரு வார்த்தை. புத்தளம் தில்லையடியில் இருக்கிறது இந்த வீடு. றுஷ்னா கொழும்பில் கணினி படித்துவிட்டு, வீட்டிலேயே மடிக்கணினியை வைத்துக்கொண்டு வேலை செய்கிறவள். ஊரில் உள்ள மாதர் மையத்துக்கு 'கேட்கலாம்' என்று ஓர் இணையத்தளம் செய்து கொடுத்திருக்கிறாள். பெயர் சொல்லாமல் பெண்கள் அதில் கேள்வி எழுதலாம். சட்டத்தரணி மர்ளியா வெள்ளிக்கிழமைகளில் அஸர் தொழுகைக்குப் பிறகு உட்கார்ந்து பதில் போடுவார்.

முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் ஒரு வரி இருக்கும். 'நீங்கள் எழுதுவதை உங்களையும் மர்ளியா மிஸ்ஸையும் தவிர வேறு யாரும் பார்க்க முடியாது.' எழுதியது றுஷ்னாதான். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

ஆனால் கடவுச்சொல்லை நினைவு வைத்திருக்க யாருக்கும் முடியவில்லை. "மிஸ், உள்ள போக ஏலாமக் கிடக்கு" என்று மர்ளியாவுக்கு நாள் முழுவதும் அழைப்பு. அதனால்தான் றுஷ்னா புதிதாக ஒரு பொத்தான் வைத்தாள். 'கூகுள் கணக்கால் உள்ளே வாருங்கள்.' கையில் உள்ள போனில் ஏற்கெனவே இருக்கிற கணக்கு ஆளைச் சொல்லிவிடும். ஒரு தட்டுத் தட்டினால் கதவு திறக்கும்.

அதில் ஒரு முடிச்சு இருந்தது. முன்பு கடவுச்சொல் போட்டு வந்துகொண்டிருந்த ஒருத்தி இப்போது பொத்தானை அழுத்தினால், அவள் பழைய ஆளா, புது ஆளா? புது ஆள் என்று வைத்தால் அவள் எழுதிய கேள்விகள் எல்லாம் காணாமல் போன மாதிரி இருக்கும். பயந்துவிடுவாள். ஆகவே றுஷ்னா ஒரு விதி எழுதினாள். மின்னஞ்சல் முகவரி ஒன்றென்றால் ஆளும் ஒன்று. பழைய கணக்கையே திறந்துவிடு.

அந்த முகவரி உண்மையிலேயே அவளுடையதுதானா என்று முதலில் ஓர் அஞ்சல் அனுப்பிச் சரிபார்க்க வேண்டும் என்றுதான் அவளுக்குப் படிப்பித்திருந்தார்கள். நம் பெண்கள் எங்கே மின்னஞ்சல் திறந்து பார்க்கப் போகிறார்கள் என்று அதைத் தூக்கிப் போட்டவளும் அவளேதான்.

வெள்ளிக்கிழமை காலையில் மர்ளியாவின் அழைப்பு வந்தது. குரலில் சிரிப்பு வழிந்தது.

"றுஷ்னா, மாஷா அல்லாஹ்! விடிஞ்சதில இருந்து எத்தின பேர் உள்ள வந்திட்டாங்க தெரியுமா? ஒருத்தியாவது போன் எடுத்து அழணுமே!"

அன்று பகல்வரை றுஷ்னாவின் கால் தரையில் இல்லை.

ஜும்ஆத் தொழுகை முடிந்து வாப்பாவும், மூத்த பிள்ளையான நானாவும் வந்தார்கள். மேசையில் சோறு, அதில் ஊற்ற இறால் ஆணம், முருங்கை இலைச் சுண்டல். வாப்பா ஹயாத்து முகம்மது ஒரு வாய் வைத்துவிட்டுச் சொன்னார்.

"ஆணத்துக்கு உப்புக் காணாது போல."

உம்மா றஹ்மா எழுந்து குசினிக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் வாசலில் வந்து நின்றாள்.

"உப்புப் போத்தல எங்க வச்சீங்க?"

"அடுப்புக்குப் பக்கத்துல வச்சா ஈரம் புடிக்கும். மேல் தட்டுல, தேயிலைக்குப் பின்னால வச்சேன்."

உள்ளே ஸ்டூல் இழுபடும் சத்தம் கேட்டது. உம்மா உப்புப் போத்தலைக் கொண்டுவந்து வாப்பாவின் சோற்றுப் பீங்கானுக்குப் பக்கத்தில் வைத்தாள். யாரும் இதைக் கவனிக்கவில்லை. போன நோன்பில் வாப்பா சவூதியிலிருந்து ஒரேயடியாக வந்து சேர்ந்த நாளிலிருந்து இந்தக் கேள்வி அந்த வீட்டில் தினமும் கேட்கிறது.

றுஷ்னா நடக்கப் பழகுமுன்னே வெளிநாடு போன மனிதர் அவர். வந்ததும் சும்மா இருக்கத் தெரியவில்லை. வீட்டை ஒழுங்குபடுத்தத் தொடங்கினார். உம்மா தைத்துத் தைத்துப் பிள்ளைகளை வளர்த்த தையல் மெஷின் முன் ஜன்னலடியில் இருந்தது. அதைப் பின்னறைக்கு மாற்றிவிட்டு அந்த இடத்தில் உட்கார நீளமாக ஒரு மெத்தைச் செட்டி வாங்கிப் போட்டார்.  நல்ல செட்டி என்று உம்மா சொன்னாள்.

"எங்க, உன்ட பட்டனக் காட்டு பாப்பம்" என்றான் நானா ஸப்ராஸ்.

அவனுக்குப் புத்தளம் டவுனில் போன் கடை. தில்லையடிப் பெண்களில் பாதிப் பேருக்கு அவன்தான் போன் விற்றவன்.

"அது பொம்புளயளுக்கு, நானா."

"நான் என்ன கேள்வியா கேக்கப் போறேன்? உள்ள போகுதா எண்டு மட்டும் பாக்கிறேன். நாளைக்கி கடைக்கி வாறவங்களுக்கு நாந்தானே சொல்லிக் குடுக்கணும்."

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் செய்த வேலையை வீட்டில் ஒருவராவது மெச்ச வேண்டும் என்ற ஆசை யாரைத்தான் விட்டது? 'வாருங்கள், நீங்கள் இன்னும் கேள்வி எதுவும் கேட்கவில்லை' என்ற வெறும் பக்கம்தான் அவனுக்குத் திறக்கும் என்று நினைத்தாள். அனுமதித்தாள்.

ஸப்ராஸ் இடது பெருவிரலால் பொத்தானைத் தட்டினான். பிறகு சத்தமாகச் சிரித்தான்.

"இஞ்ச பாரு! நான் மூணு கேள்வி கேட்டிரிக்கேனாம்."

"மூணா?"

"நீ சோதிச்சுப் பாக்க எழுதினதா இது? நல்லாத்தான் எழுதியிரிக்க. கேளுங்க வாப்பா." தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தான். "'என் கணவர் வெளிநாட்டிலிருந்து வந்துவிட்டார். இனிப் போக மாட்டார். சந்தோஷமா எண்டு எல்லாரும் கேக்கிறாங்க. நான் ஓம் எண்டு சொல்றேன். இப்பிடிப் பொய் சொல்றது பாவமா?'"

வாப்பா வாய்க்குள் சிரித்தார். "யாரு மகள் இந்த மனுஷி?"

றுஷ்னா பீங்கானைத் தள்ளி வைத்தாள். சோதனைக்காக அவள் எழுதிய கேள்விகளை எல்லாம் முன்பே அழித்துவிட்டாள். இது சோதனை இல்லை. யாரோ ஒரு பெண் யாருக்கும் தெரியாதென்று நம்பி எழுதியது. அது எப்படி நானாவின் கையில் திறந்தது?

முகவரி ஒன்றென்றால் ஆள் ஒன்று.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கூகுள் அவளை ஏமாற்றவில்லை. முகவரி ஸப்ராஸுடையது என்றுதான் அது சொன்னது, அது உண்மையும்கூட. ஏமாந்தது அவள். இந்த ஊரில் ஒரு பெண்ணுக்கு மின்னஞ்சல் எங்கிருந்து வருகிறது? போனோடு வருகிறது. போன் நானாவிடமிருந்தோ கட்டின மாப்பிள்ளையிடமிருந்தோ வருகிறது. கொடுக்கிறவர் தன் முகவரியையே போட்டுக் கொடுத்துவிடுவார். கேட்ட இடத்தில் எல்லாம் பெண்கள் அந்த முகவரியைத்தான் சொல்வார்கள். பள்ளிக்கூடக் காலத்தில் அவளுக்கே சொந்த முகவரி இருந்ததில்லை, நானாவுடையதைத்தான் பாவித்தாள். இதையெல்லாம் அறியாத ஒரு வெளியூர்க்காரி அப்படி விதி எழுதியிருந்தால் மன்னிக்கலாம். தில்லையடியில் பிறந்தவள் எழுதினாளே!

"நானா, வாசிக்காதீங்க!"

தன் எழுத்தை வாசிக்கிறான் என்று அவள் வெட்கப்படுகிறாள் என்று அவன் எண்ணிக்கொண்டான். போனை இன்னும் உயரத் தூக்கிக்கொண்டு அடுத்ததை வாசித்தான்.

"'அவர் கெட்டவர் இல்ல. அடிக்கமாட்டார், ஏசமாட்டார். ஆனா வீட்டுல எல்லாத்தையும் இடம் மாத்துறார். உப்புப் போத்தலக்கூட. என்ட குசினியில உப்பு எங்க எண்டு நான் அவர்ட்ட கேட்டுத்தான்...'"

ஸப்ராஸின் குரல் அங்கேயே நின்றது.

மேசையில் இருந்த நான்கு பேரும் ஒரே நேரத்தில் எதைப் பார்த்தார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அது வாப்பாவின் பீங்கானுக்குப் பக்கத்தில் மூடி திறந்தபடி இருந்தது.

றுஷ்னா நிமிர்ந்து உம்மாவைப் பார்த்தாள். ஆணக் கரண்டியைப் பிடித்த கை அந்தரத்தில் நின்றது. அதிலிருந்து சொட்டுச் சொட்டாக மேசைத் துணியில் விழுந்துகொண்டிருந்தது. கடைத்தெருவில் முக்காடு விழுந்துவிட்ட பெண்ணைப்போல நின்றாள் உம்மா. றுஷ்னாவால் நம்ப முடியவில்லை. தன் உம்மாவா? தன் சொந்த உம்மாவா?

எட்டிப் போனைப் பறித்தாள். பறித்த கையோடு மூன்றாவது கேள்வி கண்ணில் பட்டது. பார்க்கக் கூடாது என்று நினைப்பதற்குள் கண் வாசித்து முடித்துவிட்டது.

'புருஷன் மேல ஒரு குற்றமும் சொல்லாம, ஒரு பொம்புள பிரிஞ்சு இருக்கக் கேக்கலாமா? பதில் தாங்க மிஸ்.'

அதற்குக் கீழே 'பதில் இன்னும் வரவில்லை' என்று இருந்தது.

திரையை அணைத்து, போனைச் செட்டியில் போட்டாள். வாப்பா சோற்றில் கையை வைத்தபடி இருந்தார். உம்மாவைப் பார்க்காமல், மகளைப் பார்த்துக் கேட்டார்.

"அந்த மனுஷனுக்கு இது தெரியுமா?"

பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. பாதிச் சோற்றை அப்படியே விட்டுவிட்டு எழுந்து கை கழுவப் போனார். அவருக்கு விளங்கிவிட்டதா, இல்லையா என்று றுஷ்னாவால் பிடிக்க முடியவில்லை. எத்தனையோ வருடமாகப் போனில் மட்டும் பார்த்துவந்த முகம் அது. படிக்கத் தெரியவில்லை.

ஸப்ராஸுக்கு விளங்கிவிட்டது. உம்மாவின் போனை வாங்கிக் கொடுத்ததும், முகவரி போட்டுக் கொடுத்ததும் அவன்தான். "அல்லாஹ்வே..." என்று முணுமுணுத்தவன், கழுவாத கையோடு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய்விட்டான். போகிற அவதியில் செட்டியில் கிடந்த போனை மறந்துவிட்டான். கடையில் பத்துப் பேர் கை படுகிற போன் அது. அதற்குப் பூட்டே இல்லை.

றுஷ்னா அறைக்கு ஓடினாள். மடிக்கணினியைத் திறந்து பொத்தானை எடுத்துவிட்டாள். பிறகு மர்ளியாவை அழைத்தாள். யாருடைய கணக்கு என்று சொல்லவில்லை. தன் நானாவின் கையில் ஒரு பெண்ணின் கேள்விகள் திறந்துவிட்டன, பிழை தன்னுடையது, பொத்தானை எடுத்தாயிற்று என்று மட்டும் சொன்னாள்.



"மிஸ்?"

"றுஷ்னா, காலையில உள்ள வந்தவங்க எண்டு நான் சந்தோஷப்பட்டேனே... அதெல்லாம் பொம்புளயளா?"

 றுஷ்னா அதுவரை தன் வீட்டை மட்டும்தான் நினைத்திருந்தாள்.

"தெரியாது மிஸ்."

"மாப்பிள்ளைக்குப் பயந்து எழுதின புள்ளைகள் இரிக்காங்க. ஒவ்வொருத்தரையும் இண்டைக்கே தேடிக் கதைக்கணும். நான் பள்ளிவாசல் பக்கம் ஒரு வேலையா நிக்கிறேன். அஸர் தொழுதிட்டு, எழுதி வச்ச பதில்களப் போட்டிட்டு நேரா உங்கட வீட்டுக்கு வாறேன்."

ஏச்சு விழும் என்று எதிர்பார்த்தாள். ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

குசினியில் உம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவி வைத்ததையே எடுத்து மறுபடியும் கழுவினாள்.

"உம்மா..."

"நீதானே எழுதின?"

"என்னத்த உம்மா?"

"முன் பக்கத்துல. வேற யாரும் பாக்க ஏலாது எண்டு."

றுஷ்னா தலையைக் குனிந்துகொண்டாள்.

"மையத்துல கணக்குத் தொறந்து குடுத்த புள்ள கேட்டா, எழுத உங்களுக்குப் பயமில்லையா எண்டு. நான் சொன்னேன், என்ட மகள் எழுதின வரி அது, பொய்யா இரிக்காது எண்டு."

அடித்திருந்தால் இவ்வளவு வலித்திராது. றுஷ்னா சுவரில் சாய்ந்து அழுதாள். உம்மா அழவில்லை. பைப்பை மூடிவிட்டு, கையைச் சீலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்.

"மூணாவதையும் வாசிச்சானா?"

"இல்ல. நான் பறிச்சிட்டேன்."

"நீ வாசிச்சியா?"

"ஓம்."

உம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெளியே இரண்டு கழுதைகள் வேலி ஓரத்தில் நிழலுக்கு நின்றன.

"நெசமாப் பிரிஞ்சு போகப் போறீங்களா உம்மா?"

"எனக்கே தெரியா. கேக்கத்தான் எழுதின. கேக்கிறதும் போறதும் ஒண்டா? கேக்கிறதுக்கு எனக்கு ஒரு இடம் இரிந்திச்சு, அவ்வளவுதான்." குரல் லேசாக உடைந்தது. "உப்புக் கதையோட அது போகட்டும். மூணாவது மட்டும் வாப்பாக்குத் தெரிய வேணா. தாங்க மாட்டார்."

"தெரியாது உம்மா. பட்டன எடுத்திட்டேன். இனி யாருக்கும் உள்ள போக ஏலாது."

உம்மாவுக்கு அவள் கொடுத்த இரண்டாவது வாக்கு அது.

பள்ளிவாசலில் அஸருக்குப் பாங்கு சொல்லி முடிந்தது. வாப்பாவின் செருப்பு வாசலைத் தாண்டுகிற சத்தம் கேட்கவில்லை. தொழுகைக்கு ஒருநாளும் பிந்தாத மனிதர். உம்மாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அப்போதுதான் பின்னறைப் பக்கம் கறகறவென்று தரையில் இரும்பு இழுபடும் சத்தம் எழுந்தது. கொஞ்சம் நின்றது. மறுபடி எழுந்தது. இருவரும் ஓடினார்கள்.

வாப்பா தனியாகத் தையல் மெஷினை இழுத்துக்கொண்டிருந்தார். சாரத்தை மடித்துக் கட்டியிருந்தார், நெற்றியில் வேர்வை வழிந்தது. நீளச் செட்டி சுவரோடு ஒதுங்கிக் கிடந்தது. முன் ஜன்னலடி வெறுமையாக இருந்தது. செட்டியின் கையில் ஸப்ராஸின் போன் வெளிச்சத்தோடு கிடந்தது. அந்த வெளிச்சத்தில் இருந்தது 'கேட்கலாம்' பக்கம். மேலே மூன்றாவது கேள்வி.

றுஷ்னா வாயில் கையை வைத்துக்கொண்டாள். வாசற்கதவை அடைத்தாளே தவிர, ஏற்கெனவே உள்ளே போய்விட்டவர்களை அவள் வெளியேற்றவில்லை. நானாவின் போன் இன்னும் உள்ளேதான் இருந்தது. கணினி படிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரிந்த விஷயம். பதற்றத்தில் அவளுக்குத் தோன்றவே இல்லை.

"செய்தி பாக்கலாம் எண்டு எடுத்தேன்" என்றார் வாப்பா. "இதுதான் வந்திச்சு."

மெஷினை ஜன்னலடியில் சேர்த்து, கொஞ்சம் வலப்பக்கம் தள்ளிப் பார்த்தார்.

"இந்த இடந்தானே, றஹ்மா?"

உம்மாவின் கண் போன் வெளிச்சத்திலேயே இருந்தது. 

"சவூதியில எனக்கு ஒரு கட்டிலும், அதுக்குக் கீழ ஒரு பெட்டியும்தான்" என்றார். "இஞ்ச வந்தா எல்லாச் சாமானும் நீ வச்ச இடத்துல இரிந்திச்சு. எனக்கெண்டு ஒரு மூலை இல்ல. அதான் ஒவ்வொண்டா எடுத்து வச்சேன். நான் வச்சதா ஏதாவது இந்த ஊட்டுல இரிக்கட்டுமே எண்டு." மூச்சு வாங்கியது. "உனக்கு இவ்வளவு பாரமா இரிக்கும் எண்டு தெரியாமப் போச்சு."

றுஷ்னாவுக்கு யாருக்காக அழுவது என்று தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்துச் செட்டியில் கிடந்த போன் சிணுங்கியது. மூவரும் திடுக்கிட்டார்கள். மர்ளியா மிஸ் தொழுதுவிட்டுப் பதில் போடத் தொடங்கிவிட்டார்.

'உங்கள் மூன்றாவது கேள்விக்குப் பதில் வந்திருக்கிறது.'

வாப்பாதான் பக்கத்தில் நின்றார். போனை எடுத்தார். திரையைப் பார்க்காமல், அதைக் கவிழ்த்துப் பிடித்து உம்மாவிடம் நீட்டினார்.

"இது உனக்கு வந்தது."

உம்மா வாங்கினாள். திறந்தாள். கண்ணைச் சுருக்கினாள், போனைத் தள்ளிப் பிடித்தாள், கிட்டப் பிடித்தாள். பிறகு அந்தக் கேள்வி, தினமும் கேட்கிற அதே கேள்வி, பழக்கத்தில் தானாக வந்துவிட்டது.

"என்ட கண்ணாடிய எங்க வச்சீங்க?"

கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்பது அவளுக்கே உறைத்தது. வாப்பாவின் முகம் செத்துப்போனது. அலுமாரிக்கு மேல் பார்த்தார். ஜன்னல் கட்டையைப் பார்த்தார். தானே அடுக்கி வைத்த வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"நெனவு வருதில்ல, றஹ்மா."

"நான் வாசிக்கவா உம்மா?" என்றாள் றுஷ்னா.

"நீ வேணா."

அந்த இரண்டு சொல்லுக்குள் அன்றைய தீர்ப்பு முழுவதும் இருந்தது. றுஷ்னா ஓரடி பின்னால் வைத்தாள்.

உம்மா வாப்பாவைப் பார்த்தாள். அன்று பகலுக்குப் பிறகு நேருக்கு நேர் அவரைப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"ரெண்ட நீங்க கேட்டிட்டீங்க. மூணாவதப் பாத்திட்டீங்க. பதிலையும் நீங்களே வாசிங்க. சத்தமா வாசிங்க, எனக்குக் கேக்கணும்."

போனை அவரிடம் நீட்டினாள். வாப்பாவின் கை எழும்பவில்லை. உம்மாவும் நீட்டிய கையை மடக்கவில்லை.